டீச்சரிடம் கேளுங்கள்: மூன்று மெழுகுவத்தியும் ஒரு பாடத்திட்டமும்

சென்ற இதழில் வேறு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "பள்ளி அறிவியல் பாடத்திட்டத்தைப் பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது பிரித்துப் பார்த்துத் தூசி தட்ட வேண்டும்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். பாராட்டு பாதி, திட்டு பாதியாகக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. திட்டியவர்கள்தான் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டிருக்கிறார்கள். அதனால் அவர்களுக்கே முதல் இடம்.

கேள்வி: டீச்சர், நான் படித்த காலத்திலும் ஆப்பிள் கீழேதான் விழுந்தது. என் பேரன் காலத்திலும் கீழேதான் விழுகிறது. பிறகு எதற்கு இந்தப் பாடத்திட்ட மாற்றமெல்லாம்? வேலை இல்லாதவர்கள் செய்கிற வேலையாகத் தோன்றுகிறதே!
(ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்)

பதில்: ஆப்பிளில் யாரும் கை வைக்கப் போவதில்லை ஐயா. நியூட்டன் விதிகளும் மிதப்பு விதியும் ஓம் விதியும் அப்படியே இருக்கட்டும். பள்ளி அறிவியலில் பெரும்பகுதி நாளைக்கும் செல்லும். என் குறை அதைப் பற்றியதல்ல. எது எப்படித் தெரியவந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல் முடிவை மட்டும் கையில் கொடுக்கிறோமே, அதைப் பற்றியது.

ஒரு தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிக் குவளை. இந்தச் சோதனை உங்களுக்கும் நினைவிருக்கும். சுடர் அணையும், தண்ணீர் குவளைக்குள் ஏறும். "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. எனவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்" என்று செய்முறை நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டுக் கையெழுத்தும் வாங்கியிருப்பீர்கள்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஒன்று சொன்னால் ஒன்பது கேட்பாள். அதே தட்டு, அதே குவளை, ஆனால் மூன்று மெழுகுவத்திகளை நெருக்கமாக நட்டு வைத்துச் செய்து பார்த்தாள். தண்ணீர் முன்பைவிட நன்றாகவே மேலே ஏறியது. "டீச்சர், மெழுகுவத்தி கூடினா காத்துல ஆக்சிஜனும் கூடிடுமா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. கேள்வி என்னவோ சிரிக்கிற கேள்வி இல்லை.

அடுத்த முறை செய்யும்போது கிட்டே போய்ப் பாருங்கள். சூடான சுடரின் மேல் குவளையைக் கவிழ்க்கும்போது உள்ளே காற்று சூடேறி விரிகிறது, கொஞ்சம் விளிம்பு வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறுகிறது. சுடர் எரிந்துகொண்டிருக்கும் வரை தண்ணீர் பெரிதாக ஏறுவதில்லை. சுடர் சுருங்கி அணைந்ததும்தான் சட்டென்று ஏறும். உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று சுடர் என்றால் சூடு அதிகம், வெளியேறும் காற்றும் அதிகம், ஏறும் தண்ணீரும் அதிகம். ஆக்சிஜன் தீர்ந்துபோவதும் இல்லை. சுமார் 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் அளவுக்கு இறங்கும்போதே மெழுகுவத்தி மூச்சை விட்டுவிடும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வேறு வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் நின்றால் அது தற்செயல். அந்தத் தற்செயலைத்தான் தலைமுறை தலைமுறையாக நிரூபணம் என்று எழுதி வந்திருக்கிறோம்.

பாடத்திட்டம் என்பது ஒரு வகுப்பை முடிக்கும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்த ஆவணம். அதில் "காற்றில் ஆக்சிஜனின் அளவைக் கூறுவர்" என்று இருந்தால், அந்தப் பெண்ணின் கேள்விக்கு வகுப்பில் இடம் கிடையாது. "ஒரு சோதனை, அதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவை உண்மையில் தாங்குகிறதா என்று ஆராய்வர்" என்று இருந்தால் அவள்தான் வகுப்பின் நாயகி. நான் கேட்கும் மாற்றம் இது.

வெறும் தகவல் பிழைகளும் இல்லாமல் இல்லை. நாக்கு வரைபடம் ஒன்று உண்டு: நுனியில் இனிப்பு, பின்பகுதியில் கசப்பு, ஓரத்தில் புளிப்பு. 1901-இல் ஒரு ஜெர்மானிய ஆய்வாளர் நாக்கின் இடத்துக்கு இடம் உணர்திறனில் சிறு வித்தியாசம் இருப்பதாக எழுதினார். அது பின்னால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு வரைபடமாகி, பல பத்தாண்டுகள் பாடநூல்களில் குடியிருந்தது. ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரை நாக்கின் ஓரத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வரைபடம் பொய் என்று தெரிந்துவிடும். மனிதனின் குரோமோசோம் எண்ணிக்கையும் அப்படித்தான். 1920-களிலிருந்து 48 என்றே உலகம் முழுக்கச் சொன்னார்கள். 1956-இல்தான் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் ஒழுங்காக எண்ணி 46 என்றார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக விவரம் தெரிந்தவர்களே பழைய எண்ணை நம்பி அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

கேள்வி: டீச்சர், நான் ஆறாம் வகுப்பு. கோள்கள் எட்டு என்று நான் எழுதினேன். ஒன்பது என்று அப்பா சொல்கிறார். யார் சரி?

பதில்: நீதான் கண்ணா. 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையில் மற்றவற்றை ஒதுக்கித் தனிக்காட்டு ராஜாவாக இருக்க வேண்டும் என்று மூன்று விதி வைத்தது. புளூட்டோ மூன்றாவதில் தேறவில்லை, குறுங்கோள் ஆகிவிட்டது. அப்பா படித்தபோது ஒன்பது சரியான விடைதான். அவரிடம் சண்டை போடாமல், "ஏன் மாத்தினாங்கன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டுப் பார்.

கேள்வி: ஒவ்வொரு முறை "புதுப்பிக்கிறோம்" என்று சொல்லும்போதும் புத்தகம் தடித்துக்கொண்டே போகிறது. மேல் வகுப்பில் இருந்ததைக் கீழ் வகுப்புக்கு இறக்குகிறார்கள். என் பையன் முதுகு வளைந்ததுதான் மிச்சம். இதையா ஆதரிக்கச் சொல்கிறீர்கள்?
(இரு பிள்ளைகளின் தாய்)

பதில்: இல்லை அம்மா. நீங்கள் சொல்வது பாடத்தைப் பிதுக்கி அடைப்பது. மேல் வகுப்புப் பாடத்தைக் கீழே இறக்கினால் தரம் கூடிவிடும் என்ற மூடநம்பிக்கை பலரிடம் இருக்கிறது. எதிர்க்க வேண்டியதே அதைத்தான்.

அமெரிக்காவில் 26 மாநிலங்கள் முன்னின்று உருவாக்கிய "அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்" (எந்த வகுப்பில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல்கள்) 2013-இல் வெளிவந்தன. அதற்கு முன் அங்கே இருந்த தேசிய அளவிலான தரநிலை 1996-ஆம் ஆண்டினது. புதியதில் எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம். பொருள், விசை, ஆற்றல், உயிரி, பூமி என்று கொஞ்சமே கொஞ்சம் அடிப்படைக் கருத்துகள். அவையே சின்ன வகுப்பிலிருந்து பெரிய வகுப்பு வரை திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் ஓர் ஆழம் கூடுதலாக. சின்னப் பிள்ளை பொருள்களைத் தொட்டுப் பார்த்து வகை பிரிக்கும். சற்று வளர்ந்ததும், சர்க்கரை கரைந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, எடை மட்டும் போகவில்லையே, ஏன் என்று தராசில் வைத்துப் பார்க்கும். அதற்கு மேல் வகுப்பில் கண்ணுக்குத் தெரியாத துகள்களை வைத்து அதற்கு ஒரு விளக்கம் தரும். அணு என்ற சொல்லை முதல் நாளே எழுதிப்போட்டுப் பத்து தடவை எழுதச் சொல்வதில்லை.

எதை வெட்டலாம் என்று என்னைக் கேட்டால், ஒரு பாடத்துக்கு இருபது என்று வரும் வரையறைகளில் முக்கால்வாசியை வெட்டலாம். "கண்டுபிடித்தவர் யார், ஆண்டு என்ன" பட்டியலைத் தூக்கிவிடலாம். (இதே பக்கத்தில் நான் எத்தனை ஆண்டுகளை எழுதித் தள்ளியிருக்கிறேன் என்று எண்ணாதீர்கள். நீங்கள் இதைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதப் போவதில்லை.) எனவே புதுப் பாடத்திட்ட வரைவு ஒன்று வந்தால், எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால் எதை எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எதையும் எடுக்கவில்லை என்றால் உங்கள் பையன் முதுகுக்காக நீங்கள் எழுத வேண்டிய முதல் வரி அதுதான்.

கேள்வி: பரிணாமம், பருவநிலை மாற்றம் போன்ற சர்ச்சைக்குரிய விஷயங்களைப் பள்ளியில் தவிர்ப்பதுதானே நல்லது? அல்லது இரண்டு தரப்பையும் சொல்லிவிட்டு முடிவைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாமே?

பதில்: சர்ச்சை எங்கே நடக்கிறது என்று பாருங்கள். மேடையில் நடக்கிறதா, ஆய்வகத்தில் நடக்கிறதா? கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி 1856-லேயே கண்ணாடிக் குழாய்களையும் வெப்பமானியையும் வெயிலில் வைத்துக் காட்டிவிட்டார். 1896-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரேனியஸ் அந்த வாயு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கையால் கணக்குப் போட்டார். ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது அந்த வாயு காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்காக இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதில் "இன்னொரு தரப்பு" என்று எதைக் கொண்டுபோய் நிறுத்துவது?

"தவிர்ப்பது" எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு நிஜ உதாரணம் சொல்கிறேன். 2017-இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலம் தன் பழைய அறிவியல் பாடத்தரத்தை மாற்ற ஒரு வரைவை வெளியிட்டது. மேலே சொன்ன 2013 தரநிலைகளைத்தான் பெரும்பாலும் எடுத்திருந்தார்கள். ஆனால் நடுவில் சத்தமில்லாமல் சில திருத்தங்கள். பூமியின் வயது 460 கோடி ஆண்டு என்ற எண்ணைக் காணோம். பரிணாமம் என்ற சொல்லை ஓர் இடத்தில் எடுத்துவிட்டார்கள். உலக வெப்பநிலையின் "உயர்வு" என்று இருந்தது "ஏற்ற இறக்கம்" ஆகியிருந்தது. மொத்தமே நாலைந்து சொற்கள். மேலோட்டமாகப் படிப்பவர் கண்ணில் படவே படாது.

கண்ணில் பட்டவர்கள் இருந்தார்கள். அக்டோபரில் சாண்டா ஃபே நகரில் நடந்த கருத்துக் கேட்புக்கு ஆசிரியர்கள், விஞ்ஞானிகள், பெற்றோர், மதத் தலைவர்கள் என்று கூட்டம் கூட்டமாக வந்து பேசினார்கள். ஒரே மாதத்துக்குள் கல்வித் துறை அந்தத் திருத்தங்களைக் கைவிட்டு, தரநிலைகளை முழுமையாக ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. இவ்வளவுக்கும் அங்கே யாரும் பஸ்ஸை மறிக்கவில்லை. வரிசையில் நின்று, முறை வரும்போது பேசிவிட்டுப் போனார்கள்.

கான்சாஸ் மாநிலத்தின் கதை இன்னும் நீளம். 1999-இல் கல்வி வாரியம் பரிணாமத்தைப் பாடத்தரத்தில் ஓரங்கட்டியது. அடுத்த தேர்தலில் வாரிய உறுப்பினர்கள் சிலர் தோற்றார்கள், 2001-இல் பரிணாமம் திரும்பியது. 2005-இல் மறுபடி சேட்டை, 2007-இல் மறுபடி திருத்தம். ஒருமுறை ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கேள்வி: நான் விஞ்ஞானி இல்லை, ஆசிரியரும் இல்லை. வரைவு பாடத்திட்டம் வெளியானால் என்னைப் போன்ற ஒருவர் என்ன எழுத முடியும்? எழுதினால் யாராவது படிப்பார்களா?

பதில்: படிப்பார்கள், படிக்கும்படி எழுதினால். "இந்தப் பாடத்திட்டம் மிக மோசம், உடனே மாற்றுக" என்று வரும் கடிதத்தை வைத்துக்கொண்டு பாடத்திட்டக் குழுவில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? குப்பைத் தொட்டியில் போடலாம். "ஏழாம் வகுப்பு, மூன்றாம் அலகு, இரண்டாவது அடைவு (கற்றல் இலக்கு): இதில் இப்படி இருக்கிறது, இந்தக் காரணத்தால் இப்படி மாற்றலாம்" என்று எழுதினால் அதை எடுத்து அவர் திருத்தத்தின் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்.

வரைவு முழுவதையும் படிக்க வேண்டும் என்று மலைக்காதீர்கள். உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பு, அதற்கு முந்தைய வகுப்பு, இரண்டு மட்டும் போதும். ஒவ்வொரு வரியின் வினைச்சொல்லையும் பாருங்கள். "கூறுவர், பட்டியலிடுவர், வரையறுப்பர்" என்றே பக்கம் பக்கமாகப் போனால் அது மனப்பாடப் பாடத்திட்டம். "அளந்து பார்ப்பர், ஒப்பிடுவர், சான்றுடன் விவாதிப்பர்" என்பவையும் கலந்திருந்தால் உருப்படும். இதைச் சொல்ல விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை.

நான் பல கருத்துக் கேட்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ப்பவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள், ஆதரிப்பவர்கள் "நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். கடைசியில் குழுவின் கையில் எதிர்ப்புக் கடிதங்கள் மட்டும் அடுக்கடுக்காக இருக்கும், நல்ல பகுதிதான் முதலில் பலியாகும். அதனால் வரைவில் நன்றாக இருப்பதையும் எண் குறிப்பிட்டு, "இதை எடுத்துவிடாதீர்கள்" என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள ஆதரவு கிடையாது. இன்னொன்று, யாரோ தயாரித்துக் கொடுத்த கடிதத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பாதீர்கள். நூறு நகல்களை ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள். உங்கள் மகள் சோதனை செய்யாமலே அட்டவணையை நிரப்பிக் கையெழுத்து வாங்கி வந்தாளா? அதை நாலு வரி எழுதுங்கள்.

நேரில் பேச வாய்ப்புக் கிடைத்தால் ஒரே ஒரு விஷயம் பேசுங்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

கேள்வி: இருபத்தைந்து வருடமாக வேதியியல் நடத்துகிறேன். "பிள்ளைகளே கேள்வி எழுப்பட்டும், தரவை ஆராயட்டும்" என்கிறார்கள். வகுப்பில் அறுபது பேர், செய்முறைக்கு வாரத்தில் ஒரு பீரியட். புதுப் பாடத்திட்டத்தை வரவேற்க எனக்கும் ஆசைதான், எப்படி?
(ஓர் ஆசிரியர்)

பதில்: சார், உங்கள் கடிதத்தை அப்படியே குழுவுக்கு அனுப்ப வேண்டும். பயிற்சியும் நேரமும் தராமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றுவது, ஓட்டுநருக்குச் சாவி கொடுக்காமல் புது பஸ் வாங்கி நிறுத்துவது போலத்தான். ஒரு நாள் கூட்டிவைத்து, திரையில் படம் காட்டி, மதியச் சாப்பாடு போட்டு அனுப்புவதைப் பயிற்சி என்று சொல்லக்கூடாது. ஆசிரியரே அந்தச் சோதனையைச் செய்து, தோற்று, ஏன் தோற்றது என்று சக ஆசிரியர்களோடு வாதாடிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது விட்டு விட்டுப் பயிற்சி வேண்டும்.

அதுவரை, எல்லாப் பாடத்தையும் ஒரேயடியாக மாற்ற முயலாதீர்கள். பருவத்துக்கு ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, விடையைச் சொல்லாமல் நடத்துங்கள். அறுபது பேரும் அறுபது அளவீடு எடுத்து வரட்டும், எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். ஒரே திரவத்தின் கொதிநிலைக்கு ஏன் இத்தனை எண்கள் என்ற கேள்வி தானாக வரும். அங்கே கூட்டம் பலமாகிவிடும், ஆறு பேர் வகுப்பில் இது நடக்காது.

கேள்வி: என்ன மாற்றினாலும் கடைசியில் தேர்வில் வருவதைத்தானே பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள்?

பதில்: இந்தக் கட்டில் இருந்த கடிதங்களிலேயே ஒரு வரியில் முழு உண்மையைச் சொன்னது இதுதான். வினாத்தாள் மாறாவிட்டால் பாடத்திட்ட மாற்றம் வெறும் அட்டை மாற்றம்.

பருவகாலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். "பருவகாலங்கள் ஏற்படக் காரணம் யாது?" என்று கேட்டால், "பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பது" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அதே பிள்ளையிடம் வெளியே வந்ததும் "கோடையில் ஏன் சூடு?" என்று கேளுங்கள். "சூரியன் கிட்ட வருது" என்று சொல்லும். பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம். 1980-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டு நின்றவர்களிடம் கேமராவோடு போய் இதே கேள்வியைக் கேட்டார்கள். பெரும்பாலோர் சொன்னதும் இதே விடைதான்.

கேள்வியை இப்படி மாற்றுவோம்: "பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவிலும், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது. அப்படியானால் வடகோளத்தில் ஜனவரி ஏன் குளிர்காலம்? அதே நேரம் தென்கோளத்தில் என்ன காலம்?" இதற்கு மனப்பாட விடை கிடையாது. டார்ச் விளக்கை நோட்டுப் புத்தகத்தின் மேல் நேராகவும் சாய்வாகவும் அடித்து, ஒளிவட்டம் எப்படி நீண்டு மங்குகிறது என்று ஒருமுறை பார்த்த பிள்ளை எழுதிவிடும். எனவே பாடத்திட்ட வரைவோடு மாதிரி வினாத்தாளையும் சேர்த்து வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால், ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: காலம் போகிற வேகத்துக்குச் செயற்கை நுண்ணறிவை அறிவியலில் தனிப் பாடமாக வைக்க வேண்டாமா?

பதில்: தனிப் பாடமாக வேண்டாம். அச்சாகி வருவதற்குள் பழசாகிவிடும். அதற்குப் பதில், ஒரு வரைபடத்தைப் படிப்பது, ஓர் அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று மதிப்பிடுவது, இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்று புரிவது ஆகியவற்றை எல்லா வகுப்பிலும் வையுங்கள். எந்தக் கருவி வந்து எதைச் சொன்னாலும் பிள்ளை சோதித்துப் பார்த்துக்கொள்ளும். இடத்துக்கு எங்கே போவது என்றால், குழியாடி, குவியாடி, லென்ஸ் கணக்குகளில் பாதியை எடுத்துவிடலாம். நானே இயற்பியல் டீச்சர் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.